சிவக்காத குடுவை

குடுவை இந்த முறையும் சிவக்கவில்லை. காலையில் ஊற்றிய ஆரஞ்சு நிறம் மாலையிலும் அப்படியே இருந்தது. அந்தச் சோதனையைச் செய்துவந்த இளைய மாணவி, எல்லோருக்கும் சின்னவள், அதன் எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அக்காவான மூத்த ஆராய்ச்சி மாணவி, அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் படாதபாடு பட்டாள்.

நடக்க வேண்டியது எளிய காரியம்தான். மூன்று ருத்தேனியம் அணுக்கள் முக்கோணமாகக் கைகோத்து நிற்கும். சுற்றிலும் கார்பன் மோனாக்சைடுகள் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும். பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மம் வந்து அவற்றில் சிலவற்றைக் கிளப்பிவிட்டுத் தான் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் கரைசல் சிவக்கும். ஆனால் பாஸ்பீனுக்குக் காற்று ஆகாது. ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் அது உலோகத்தை ஏறெடுத்தும் பார்க்காது. அதனால்தான் நைட்ரஜன் நிரப்பிய பாட்டிலில் இறுக மூடிவைப்பார்கள்.

சின்னவளின் பாட்டிலில் அந்த மூடியை இறுக்காமல் விட்டது அக்கா. தன் வேலைக்குக் கொஞ்சம் எடுத்தபோது அவளுடைய குடுவை பொங்கிவிட்டது. அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம் என்று ஓடினாள். அந்த அப்புறம் வார விடுமுறை கழிந்துதான் வந்தது. ஓசைப்படாமல் இறுக்கிவைத்தாள். என்ன பெரிய காற்று புகுந்திருக்கப்போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். படித்தவள் பேசுகிற பேச்சா அது?

ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியரான சாருக்குப் பொறுமை போய்விட்டது. புதுப் பாட்டில் வந்ததும் அக்காவைச் செய்துபார்க்கச் சொன்னார். மதியத்துக்குள் அடர்சிவப்பு.

"கை மாறினாத்தான் நடக்குது," என்றார்.

இனி இந்த வேலை அக்காவுக்கு, சின்னவள் வேறு ஆய்வகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிவிடத்தான் துடித்தாள். சொன்னால் தன் பேர் என்னாகும் என்று வெட்கங்கெட்ட மனசு கூடவே யோசித்தது.

வேலையை ஒப்படைக்கச் சார் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். புதுப் பாட்டில் அக்காவின் கையில் இருந்தது. சின்னவள் பழையதைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு சொட்டெடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தாளாம். பாஸ்பீன் பேருக்குக்கூட இல்லை, முழுக்க ஆக்சைடு.

"நான்தான் மூடியைச் சரியா இறுக்காம விட்டிருப்பேன், சார். என் பொறுப்புல இருந்த பாட்டில்." அவள் திரும்பினாள். "உங்களுக்கும் வீண் வேலை வச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க அக்கா."

சார் தலையாட்டினார். அத்தோடு முடிந்துபோயிருக்கும். அக்கா சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் அந்த மன்னிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"அவ இல்ல சார். இறுக்காம விட்டது நான். எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல."

சின்னவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு. அவள் திட்டவில்லை. சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேலை சின்னவளிடமே இருக்கட்டும் என்றார்.

சின்னவள் கையை நீட்டிப் புதுப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அக்காவின் கண்ணெதிரே மூடியைப் பிடித்து ஒருமுறை இறுக்கிப் பார்த்தாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.