கதவைத் திறந்தவர்களின் வாக்கியங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "என் நீலச் சட்டை எங்க?" என்று கேட்கும் திறனை அண்ணன் இழந்தான். குரல் போகவில்லை. ஆபீஸ் அரசியல், கிரிக்கெட், எதிர்வீட்டுக்காரன் வாங்கிய கார் எல்லாம் வழக்கம்போல் தங்குதடையில்லாமல் வந்தன. தன் பொருள் எங்கே இருக்கிறது என்று இன்னொருவரிடம் கேட்பது மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தான். 'என்' வரைக்கும் எழுதியதும் மை நின்றுபோனது. சைகை காட்டப் போன கை பாதி வழியில் காரியத்தை மறந்து தலையைச் சொறிந்தது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பிவைத்தார். அண்ணன் மூன்று நாள் ஒரே சட்டையில் ஆபீஸ் போனான். நாலாம் நாள்தான் பீரோவைத் திறந்தான். சட்டை அங்கேதான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

காரணம் பக்கத்து அறையில் இருந்தது. தங்கை அங்கே தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு மகள், தங்கை, நாத்தனார் என்று மூன்று பதவிகள் உண்டு. எதற்கும் லீவு கிடையாது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் அவள்தான். பட்டம் வாங்கியதும் ஒரு காது பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் பீப் என்று சத்தம் அனுப்புவாள். அந்தப் பக்கம் ஒலி புகாத கூண்டுக்குள் இருப்பவர்கள் கேட்டால் கை தூக்குவார்கள். ஊரிலேயே அமைதியான இடம் அந்தக் கூண்டு. விடுமுறை நாளில் அதற்குள் உட்கார்ந்து பாடிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "நோயாளிங்க உக்கார்ற எடம்மா, கச்சேரி மேடை இல்ல" என்று சொல்லிவிட்டார் நிர்வாகி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே கூண்டுக்குள் அவர் குறட்டை விடுவது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதனால் வீட்டில் பாடினாள். சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, பிரிட்ஜின் உறுமல் விழக்கூடாதென்று அதன் பிளக்கையும் பிடுங்கிவிட்டு (மறுபடி மாட்ட மறந்து பால் திரிந்ததற்குத் தனியாகத் திட்டு வாங்கினாள்), மடியில் கிதாரோடு ஒரே ஒரு மைக்கின் முன்னால் உட்காருவாள். கிதாரும் குரலும் சேர்ந்து ஒரே மூச்சில் பதிவாக வேண்டும், அதுதான் அவள் முறை. வயல்வெளிப் பாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பித்து, போகப் போகக் கிதாரைப் போட்டு அடிப்பதில் முடிகிற பாட்டுகள். ஒன்று பழுதான லிப்டைப் பற்றி. இன்னொன்று, காதுக்கருவி மாட்டியதும் முதல்முறையாகப் புருஷன் பேசுவதைத் தெளிவாகக் கேட்டு, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றி. பாட்டு சரியாக நெஞ்சைப் பிடிக்கிற இடத்துக்கு வரும்போது கதவு திறக்கும். ஒவ்வொரு தடவையும் திறக்கும். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்தாலும் அது பாதியில் நிறுத்தக்கூடிய வேலைதான் என்பது உலக வழக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கதவுக்குள் தலையை நீட்டிச் சட்டையைக் கேட்டான். அவள் நிறுத்தாமல் பாடினாள். கேள்வி அவன் தொண்டையிலிருந்து கழன்று பதிவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் அப்பா. அவளுக்குப் போன் வந்தால் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்து "போன்ல யாரு?" என்று கேட்பது அவர் பணி ஓய்வுக்குப் பிறகு ஏற்றுக்கொண்ட முழுநேர வேலை. பாட்டுக்கு நடுவே கதவைத் திறந்து அதைக் கேட்டார்; அத்தோடு அது போனது. அதன்பின் அவள் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து வந்து, வாயைத் திறந்து, ஒன்றும் வராமல், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மாடியேறி வந்து "மோட்டரை நிறுத்துங்க" என்றார். அன்றிலிருந்து அவரால் அதைச் சொல்ல முடியாமல் தொட்டி நிரம்பி வழிந்து, படிக்கட்டில் பாசி பிடித்தது.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் அண்ணி. கண்டுபிடித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பயன்படுத்தினாள். அப்பாவின் அக்கா ஊரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, தங்கைக்கு எப்போது கல்யாணம் என்று ஆரம்பித்தாள். "அத என்னைக் கேட்டா எப்படி அத்தை? அவ உள்ளதான் இருக்கா, நீங்களே கதவத் திறந்து கேளுங்க" என்றாள் அண்ணி, தேன் ஒழுக. அத்தை திறந்தாள், கேட்டாள், இழந்தாள். அந்த ஒரு கேள்வியை எடுத்துவிட்டால் அவளிடம் பேச வேறு சரக்கே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் வரை சோபாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது, "அந்த பீப் சத்தம் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். தங்கை செய்து காட்டினாள். அத்தை கை தூக்கினாள்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டுதான் எல்லாவற்றிலும் நல்ல பாட்டு. அதை அவள் பாடிய அன்று அம்மா டீ டம்ளரோடு கதவைத் திறந்தாள். எதையும் கேட்கவில்லை. "பூச்சி" என்று மட்டும் கூப்பிட்டாள். பிறந்தபோது உள்ளங்கை அளவே இருந்த பெண்ணுக்கு அம்மா வைத்த பெயர் அது. வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அன்றிலிருந்து அம்மாவாலும் கூப்பிட முடியவில்லை. சமையலறை வாசலில் வந்து நிற்பாள், வாய் திறக்கும், மூடும். பிறகு கரண்டியால் கதவைத் தட்டுவாள். மற்றவர்கள் தொலைத்ததெல்லாம் தொலைய வேண்டியதுதான் என்று இருந்த தங்கைக்கு, அந்தக் கரண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சோறு இறங்கவில்லை.

பாட்டுகளைக் கலந்து சீர்செய்து கொடுக்கும் தோழியை எல்லோரும் மிக்சிங் அக்கா என்பார்கள். பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்ட அவள்தான், காணாமல் போனதெல்லாம் இதற்குள் இருக்கிறது என்று சொன்னாள். அம்மாவின் குரலை மட்டும் தனியாக வெட்டி எடுக்க முடியாதா என்று தங்கை கேட்டாள்.

"எல்லாம் ஒரே மைக்ல விழுந்திருக்கு. டீல கரைஞ்ச சர்க்கரைய எடுத்து டப்பாவுல போடுன்னா எப்படிடி?"

சோதித்துப் பார்க்க, வீட்டுக்காரர் நுழைந்த பாட்டை அழித்தார்கள். அது தங்கைக்கே அவ்வளவாகப் பிடிக்காத பாட்டு. அழித்த அந்த நொடியில், கீழே பல் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நுரையும் தானுமாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி "மோட்டரை நிறுத்துங்க" என்று கத்தினார். மோட்டார் அப்போது ஓடவே இல்லை. ஆக, அழித்தால் திரும்பும். வெளியிட்டால்? "நாளைக்கு எத்தனை போன்ல போய் உக்காரும்னு யாருக்குத் தெரியும்? எவன் வீட்டுக் கதவத் தட்டி அழிப்ப?" என்றாள் மிக்சிங் அக்கா. கடைசிப் பாட்டைத் தங்கை மறுபடி பாடிப் பார்த்தாள், அம்மா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. கதவு திறக்கவில்லை. ஆனாலும் பதிவைப் போட்டுக் கேட்டால், சரியாக அதே இடத்தில் "பூச்சி" வந்து உட்கார்ந்திருந்தது. ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும். உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

செய்தி வீட்டில் பரவியதும் அண்ணன் பஞ்சாயத்தைக் கூட்டினான்.

"ஒரு வீட்டு ஆம்பள தன் சட்டையக் கேக்க முடியலன்னா அது என்ன வீடு?"

"பீரோ இருக்கிற வீடு" என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு. ஏய், உன் பாட்ட யாருடி கேக்கப் போறா? ஊர் உலகத்துல இல்லாத பாட்டா? அழிச்சுத் தொலை."

அப்பா, படிக்க வைத்தது தப்பாகப் போயிற்று என்று ஆரம்பித்தார். அந்த வீட்டில் எந்தச் சண்டையும் அந்த ஸ்டேஷனில் நிற்காமல் போனதில்லை. தங்கை எழுந்து நின்று சொன்னாள்: "உங்க ரெண்டு பேருக்கும் போனது போனதுதான். அதுல ஒரு பாட்டக்கூட அழிக்க மாட்டேன். கடைசிப் பாட்ட மட்டும் அழிக்கிறேன். அம்மாவுக்காக." சொல்லிவிட்டு, தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளச் சம்மதித்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அம்மா பின்னாலேயே போனாள். அழிப்பதற்குமுன் ஒரு தடவை கேட்கிறேன் என்றாள். ஹெட்போனை அவளுக்கு மாட்டத் தெரியவில்லை, கொண்டை இடித்தது. ஒருவழியாக மாட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை தரைக் கல் ஒன்றின் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கூப்பிட்ட எடத்துல ஒரு நொடி நின்னியே, ஏன்?"

"நீ கூப்பிட்டியேன்னுதான்."

"அப்புறம் ஏன் வரல?"

"பாட்டு இன்னும் இருந்துச்சும்மா."

அம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கைவேலையப் பாதியில போட்டுட்டு எந்திரிச்சுப் போன தடவைக்குக் கணக்கே இல்ல. யாரு கூப்பிட்டாலும் எந்திரிச்சேன். ஒருத்தி எந்திரிக்காம இருந்திருக்கா. நல்லவேளை, அது பதிவாயிருக்கு. அத அழிச்சேன்னு வை, கால ஒடிச்சிடுவேன்."

"அப்ப என்னை எப்படிக் கூப்பிடுவ?"

"கூப்பிட்டப்பல்லாம் ஓடி வந்துட்ட மாதிரிதான் பேசற. போடி."

வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. அம்மா அவளைப் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் முழுப்பெயரால் கூப்பிடப் பழகினாள். முதல் சில மாதங்கள் அது வருகைப் பதிவு எடுப்பது போலிருந்தது. தங்கையும் உள்ளே இருந்து "ஆஜர்" என்று குரல் கொடுப்பாள். அதே பெயர்தான் ஆல்பத்தின் அட்டையிலும் இருந்தது. ஒரு இசைப் பத்திரிகை 'இந்த வாரப் பெண்கள் ஆல்பங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. காது கிழியும் ராக் பாடும் மூன்று பெண்கள், ஒப்பாரி மெட்டில் கவிதை பாடும் ஒருத்தி, இவள் என்று எல்லோரையும் ஒரே கூடையில் கொட்டியிருந்தார்கள். ஆண்கள் போட்டால் அது ஆல்பம், பெண்கள் போட்டால் அது பெண்கள் ஆல்பம். கத்திரிக்காயும் கடப்பாரையும் ஒரே விலை. இவளுக்கு ஒதுக்கிய இரண்டு வரியில் ஒன்று அவள் தலைமுடியைப் பற்றி. இன்னொன்று, வீட்டுச் சத்தங்களை மிகத் துணிச்சலாகக் கோர்த்திருக்கிறார் என்றது. பேட்டி எடுக்க வந்தவர், அந்தக் கதவு திறக்கும் ஒலியமைப்பெல்லாம் எந்த இசையமைப்பாளர் செய்து கொடுத்தது என்று கேட்டார். "எங்கண்ணன்" என்றாள். "சட்டையத் தேடிட்டிருந்தான்." அவர் அதையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். அண்ணன் அந்தப் பேட்டியை ஆபீஸ் முழுக்கக் காட்டினான்.

வெளியான அன்று மதியமே இன்னொன்றும் தொடங்கியிருந்தது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில், தொட்டிப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்குரல், "என்னம்மா?" என்றது. அம்மா திரும்பிப் பார்த்தாள். ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்பு மேடையிலிருந்து வேறொரு குரல், எரிச்சலாக: "இரும்மா, வரேன்!" எங்கோ யாரோ அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்கும்போது, நடுவில் அம்மாவின் குரல் வந்ததும் தன்னையறியாமல் பதில் சொல்லிவிடுகிறார்கள். கூப்பிட்ட பெயர் யாருடையதாக இருந்தாலும், அந்தக் குரலுக்குத் திரும்பாத தலை இல்லை போலிருக்கிறது. சொன்ன பதில் எல்லாம் நேராக இந்தச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. முதல் வாரம் அம்மா, "உன்ன இல்லம்மா, நீ போய் உன் வேலையப் பாரு" என்று ஒவ்வொருத்திக்கும் விளக்கினாள். அப்புறம் அலுத்துவிட்டது. ஒருநாள் ஒரு குரல் ரொம்ப நேரம் கழித்து, "அம்மாவா?" என்று மட்டும் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "ம்" என்றாள். அன்று சாப்பாடு தாமதமானது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வருடங்கள் ஆகிவிட்டன. தங்கை இரண்டாவது ஆல்பமும் மூன்றாவதும் போட்டாள். பாடும்போது அந்தக் கதவின் பக்கம் இப்போது யாரும் போவதில்லை. அப்பா போனைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுப் பூந்தொட்டிகள் வாங்கி வைத்திருக்கிறார். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு மட்டும் ஓய்வில்லாமல் எங்கெங்கோ ஓடுகிறது. சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்க, சுற்றிலும் "வரேம்மா", "இதோ வந்துட்டேன்", "அஞ்சே நிமிஷம்" என்று குரல்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. புதிதாக வீட்டுக்கு வருபவர்கள் மட்டும் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். அம்மா அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"வரேன் வரேன்னுதான் சொல்லுதுங்க. ஒண்ணாவது வந்து ஒரு தட்டக் கழுவி வைக்குதா?"