சோப்பு செய்த வேலை

அவர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். வந்தவர்களோ அவற்றை இழுத்து, தங்கள் இஷ்டத்துக்குக் கும்பல் கும்பலாக உட்கார்ந்தார்கள். "நீ கை வைக்காம இருண்ணா, எல்லாம் தானா சேரும்" என்று கேலி செய்திருப்பாள் தங்கை. வேதிப் பொறியியல் பேராசிரியை. மூலக்கூறுகள் யாரும் அடுக்காமல் தாமே அடுக்கிக்கொள்வதை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவள். விடியற்காலையில் போய்விட்டாள். கூடத்தின் நடுவே கிடத்தியிருந்தார்கள்.

அவளுடைய துறைத் தலைவர் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசுறேன் சார். அந்தப் பழைய விஷயத்த மட்டும் விட்டுடுறேன்."

"எந்த விஷயம்?"

"அதான்... அந்தக் குழாய்."

உலகமே மெச்சிய கண்டுபிடிப்பு அது. தண்ணீரில் விட்ட மூலக்கூறுகள் தாமே கூடி, கண்ணுக்குத் தெரியாத குழாய்களாக நின்றன. சில ஆண்டு கழித்துப் புதுக் குடுவையில் செய்து பார்த்தாள்; நிற்கவில்லை. பழைய குடுவைகளில் சரியாக அலசாமல் ஒட்டியிருந்த சோப்புதான் அந்த வேலையைச் செய்திருந்தது. யாரும் கேட்குமுன் அவளே அதை எழுதி, தன் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

"அதையும் சொல்லுங்க சார்" என்றார் அண்ணன். தங்கையின் கணவர் குறுக்கே வந்தார். "மச்சான், இன்னிக்காவது விடுங்க. 'சோப்பு டீச்சர்'னு சிரிச்சானுங்க. போற நேரத்துலயும் அது வேணுமா?"

"சிரிச்சவன் எவனாவது தன் தப்பத் தானே வெளிய சொல்லியிருக்கானா மாப்ளே? இவ சொன்னா. நாம மறைச்சா, இவ ஏதோ திருட்டுத்தனம் பண்ணின மாதிரி ஆயிடும்."

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதத்தான் சொல்றேன்."

துறைத் தலைவர் தரையைப் பார்த்தார். "எனக்கு நாக்கு எழாது சார்."

"பரவாயில்ல. எனக்கு எழும்."

தலைமாட்டில் போய் முதுகை நிமிர்த்தி நின்றார். குழாயைச் சொன்னார், சோப்பைச் சொன்னார்.

"அதுக்கப்புறம் மொதல்லேருந்து ஆரம்பிச்சா. சோப்பு இல்லாம அத நிக்க வைக்கணும்னு கடைசி வரைக்கும் பாத்தா." தங்கையின் முகத்தைப் பார்த்தார். "நிக்கல."

அத்துடன் முடித்துக்கொண்டு நகர்ந்தார்.

தூக்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளை பாடையின் தலைமாட்டில் வலது முனையை மச்சானுக்கு விட்டுவிட்டு, தான் இடது முனையைப் பிடித்தார். வாசல் படியில் இருவரும் ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்தார்கள்.