ஆறு இடத்தில் இருந்த குரல்

என் கணவர் எந்தப் பொருளையும் வாங்கி வந்த நிலையில் விட்டுவைத்ததே இல்லை. புது லேப்டாப் வீட்டுக்குள் நுழைந்தால், பெட்டியைப் பிரித்த கையோடு அதில் இருப்பதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றுவார். என் ஃபோன், என் மாமனாரின் ஃபோன், டிவிக்குப் பின்னால் தொங்கும் சின்னப் பெட்டி, எதுவும் அவர் கைக்குத் தப்பவில்லை. "இதுல எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியையும் யார் வேணா திறந்து படிக்கலாம், தெரியுமா?" என்பார். "யாரு படிக்கிறாங்க?" என்று கேட்டால், "யாராவது படிப்பாங்க, மேனேஜர்" என்பார். நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்கிறவள். மேனேஜர் பதவி வீட்டில் மட்டும்தான், சம்பளம் கிடையாது.

கடைசியாக வந்தது அந்த விளையாட்டுக் கணினி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடுவது. நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். நாற்பதைத் தாண்டிய மனுஷன் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு அதில் கார் ஓட்டினார். மாமா, அதாவது இவருடைய அப்பா, அதற்குப் பொட்டி என்று பேர் வைத்தார். "பொட்டியை வெச்சிட்டுச் சாப்பிட வரச் சொல்லும்மா அவனை" என்பார் என்னிடம். வாங்கிய வாரமே அந்தப் பொட்டிக்கும் லினக்ஸ் ஏறிவிட்டது.

இவருக்கு வண்டி உதிரிபாகக் கிடங்கில் வேலை. வாய் ஓயாத மனுஷன். ஒரு மெக்கானிக் ஃபோன் செய்து ஒரே ஒரு பெல்ட் இருக்கிறதா என்று கேட்டால், அந்த வண்டியின் ஜாதகத்தையே சொல்லி முடித்துத்தான் இருக்கிறது என்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதே ஆரம்பித்துவிட்டாரா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வழி சொன்னது தாடி. தாடி என்பவர் இவருடைய லினக்ஸ் கூட்டாளி. தாடியை எடுத்துப் பல வருஷமாகிறது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு எழுதுவதையெல்லாம் அந்தக் குரலிலேயே பேசிக் காட்டும் மென்பொருள் இருக்கிறது என்றார். எங்கெங்கோ இருக்கும் நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் எழுதியது. காசு கிடையாது. இவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தார். நூற்றுக்கணக்கான வாக்கியங்கள். "மஞ்சள் குடை மாடியில் காய்கிறது", "எட்டாம் நம்பர் கதவை ஏன் தட்டினாய்" என்று தலையும் வாலும் இல்லாதவை. மொழியில் இருக்கிற ஒலியெல்லாம் வர வேண்டுமாம். அந்த நேரத்தில் நான் மிக்சி போடக் கூடாது, மாமா செருமக் கூடாது. தொண்டை அதற்குள் கரகரக்க ஆரம்பித்திருந்தது. சில நாள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவார். நான் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு சின்னத் துணி. ஆஸ்பத்திரியில் தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் காட்டினார்கள். வைத்துப் பார்த்தார், டப்பாவுக்குள் வண்டு கத்துவது மாதிரி வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொட்டியைக் கையில் எடுத்தார். திரையில் தட்டியதை அது பேசியது.

அவர் குரலேதான். கொஞ்சம் சமமாக, ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். "கல்யாணமாகி இப்பதான் முதல் தடவையா கோபமில்லாம பேசறீங்க" என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன். பொத்தான்களுக்கும் வேலை கொடுத்தார். ஒன்றை அழுத்தினால் "மேனேஜர்!" இன்னொன்றை அழுத்தினால் "ஒரு நிமிஷம், நான் சொல்லி முடிச்சிடறேன்." மூன்றாவதில் அவருடைய சிரிப்பு, அலமாரிக்குள் தப்பாகப் படித்துவிட்டுத் தானே சிரித்தது. கழுத்தில் வாரைப் போட்டுப் பொட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்கே போனார். மெக்கானிக்குகளிடம் மறுபடியும் ஜாதகம் சொன்னார்.

காலையில் மாமாவுக்குப் பேப்பர் படிப்பதும் அந்தக் குரல்தான். மாமாவுக்கு விழித்திரையில் கோளாறு. ஃபோனில் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கினால் தெரியும், பேப்பர் எழுத்து தெரியாது. நான் கண்ணாடிக் கடையில் இருந்தும் அவருக்குப் போட ஒரு கண்ணாடி இல்லை. இவர் செய்தியைப் பொட்டிக்குள் ஏற்றுவார், குரல் படிக்கும், நடுவில் பொத்தானை அழுத்திச் சிரிப்பார். மாமா அச்சுப் பேப்பரையும் மடியில் விரித்து வைத்துக்கொள்வார். "நேத்து நீ வேகமா படிச்சே, இன்னிக்கி நிதானமா படி" என்று மகனிடம் சொல்வார். பொட்டியிடம் சொல்வதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்தக் குரலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். குரலும் அலமாரிப் பதிவுகளும் இருக்கும் ஃபோல்டர் பொட்டியில், லேப்டாப்பில், டிவிப் பெட்டியில், எங்கள் மூன்று பேர் ஃபோனில் என்று ஆறு இடத்திலும் இருக்கும். அவை தமக்குள் பேசி எப்போதும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும். "ஒண்ணு தண்ணியில விழுந்தாலும் அஞ்சு இருக்கு. நடுவுல எந்தக் கம்பெனியும் கிடையாது. நம்ம சாமான் நம்ம வீட்டுக்குள்ளயே சுத்தும்" என்று பொட்டி வாயால் பெருமையடித்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து யாரோ "மே-னே-ஜர்" என்று கூப்பிட்டார்கள். ரயில் வரும் நேரத்தை அறிவிக்கிற குரல் மாதிரி இருந்தது. கையைத் துடைக்காமல் ஓடினேன். இவர் பொட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அப்போதுதான் அப்டேட் போட்டு, அணைத்துத் திறந்திருக்கிறார். சிரிப்புப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார். மாமா காலை நடை போயிருந்தார், அது ஒன்றுதான் நல்லது.

குரல் ஃபோல்டர் காலியாக இருந்தது. அதனால்தான் மென்பொருளோடு வந்த பொதுக் குரல் பேசியிருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தார், அங்கேயும் காலி. என் ஃபோன், டிவிப் பெட்டி, எல்லாம் பெருக்கி விட்ட மாதிரி காலி. நான் ஒவ்வொன்றாக எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான்.

தாடி வந்தார். இரண்டு பேரும் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டினார்கள். அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் ஒன்றுக்கு நாலாக இருந்தன, அவையும் இலவசம், அவையும் திறந்தவை. மீண்டு வந்த கோப்புகளைத் திறந்தால் மழைச் சத்தம் மாதிரி ஓர் இரைச்சல். இணையத்தில் கேட்டார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் எத்தனையோ ஊரிலிருந்து எத்தனை அன்பாகப் பதில் எழுதினார்கள்! எல்லோரும் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லையா?

"ஆறு இடத்துல இருந்துச்சே, அது பிரதி இல்லையா?" என்று நான் தாடியிடம் கத்தினேன்.

தாடி என்னைப் பார்க்காமல் பேசினார். "இல்ல சிஸ்டர். அது ஆறும் ஒண்ணு மாதிரி. ஒண்ணுல போட்டா ஆறுலயும் வரும். ஒண்ணுல அழிச்சா ஆறுலயும் அழியும். பழசை ஒதுக்கி வைக்க ஒரு வசதி உண்டு. பொட்டியில இடம் பத்தலன்னு அதை அணைச்சு வெச்சிருக்கார்."

"நேத்து வரைக்கும் பேசிட்டுத்தானே இருந்தாரு?"

"பொட்டியை இவர் அணைக்கிறதே இல்ல, தூங்கத்தான் வைப்பார். குரல் பொட்டியோட தற்காலிக நினைவுல ஏறி நின்னுது. அழிஞ்சு நாலஞ்சு நாளாவது ஆகியிருக்கும். இன்னிக்கி அணைச்சுத் திறந்ததும் போயிடுச்சு."

அந்த நாலைந்து நாளும் ஏற்கெனவே அழிந்துபோன குரலில் இவர் என்னோடு பேசியிருக்கிறார். மழை வரும்போல் இருக்கு குடை எடுத்துக்கோ என்றார். சட்டையில் பொத்தான் போயிடுச்சு என்றார். நான் காதில் வாங்கியும் வாங்காமலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பழைய வீடியோக்களைத் தேடினோம். ஒன்றில் மேளச் சத்தம், ஒன்றில் காற்று, ஒன்றில் நானே குறுக்கே பேசிக்கொண்டிருந்தேன். தேறிய துண்டுகளை வைத்து தாடி ஒரு குரல் செய்து பார்த்தார். சளி பிடித்த யாரோ ஒரு பெரியப்பா மகன் மாதிரி வந்தது. இவர் ஒருமுறை கேட்டுவிட்டு அதை அழித்துவிட்டார்.

யார் அழித்தார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. ஆறு இடத்தையும் ஒரே மாதிரி வைத்த அந்த மென்பொருள் எதையும் மறைக்காது. எந்தக் கருவியில் எது நடந்தது என்று வரிவரியாக வைத்திருந்தது. இவர் ஒரு வரியில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். அழித்த கருவி: அப்பா ஃபோன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று சாயங்காலம் மாமா மறுபடி நடை போய் வந்து பால்கனியில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன், குரலை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன். "மாமா, உங்க ஃபோன்ல ஏதாச்சும் அழிச்சீங்களா?"

"ஆமாம்மா!" என்றார், பரீட்சையில் பாஸான மாதிரி. "இடம் இல்ல இடம் இல்லன்னு அது என் உயிரை எடுத்துச்சு. ஒரு படம் எடுக்க விடல. அவன்கிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். அவனே பாவம், கழுத்துல ஓட்டையோட வேலைக்குப் போயிட்டு வர்றான், நான் வேற தொல்லை கொடுக்கணுமா? என்னமோ நம்பர் நம்பரா கிடந்துச்சு, எதுக்கும் ஆகாத குப்பை. ஒவ்வொண்ணா நானே உட்கார்ந்து அழிச்சேன். ரெண்டு நாள் ஆச்சு. கண்ணு வலி எடுத்துடுச்சு, ஆனா முடிச்சிட்டேன்."

வாயைத் திறந்தேன். இவர் எப்போது பின்னால் வந்தாரோ, என் மணிக்கட்டைப் பிடித்தார். கெட்டியான பிடி. உள்ளே இழுத்துப் போய்ப் பொட்டியில் தட்டி, பேச விடாமல் திரையை மட்டும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்பாகிட்ட சொல்லாதே. தாங்க மாட்டார்."

"நீங்க தாங்குவீங்களா?" என்றேன்.

பொட்டியை ஓரமாக வைத்தார். கட்டிலில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார். அழுகைக்கும் சத்தம் இல்லை. நான் அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

அடுத்த சில காலைகளில் அவசர வேலை என்று சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டார். மாமா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு மடித்துவிடுவார். அடுத்த விடுமுறை நாளில் தப்ப முடியவில்லை. "எவ்வளவு நாளாச்சுடா, வந்து படி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்கார்ந்தார். பொட்டி பேச ஆரம்பித்தது. அந்த ரயில் நிலையக் குரல் தலைப்புச் செய்தியைக் கல் கல்லாக எடுத்து வைத்தது.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாருடா இது?"

இவர் தட்டினார். "புதுசுப்பா. இதுல உச்சரிப்பு தெளிவா இருக்கு" என்றது அந்தக் குரல்.

"தெளிவு யாருக்கு வேணும்? நாட்டு நடப்பு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? நீ படிக்கிறேன்னுதானே நான் வந்து உட்காருறேன்." சிரித்தபடி மகன் முழங்காலில் தட்டினார். "உன் குரலை வைடா. ஒரு பொத்தானை அமுக்கினா வரப்போவுது."

இவர் என்னைப் பார்த்தார். வாசல்படியில் காய்ந்த துணிகளோடு நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் ஒருவர் உடைவார், சொல்லாவிட்டால் இன்னொருவர் தினமும் உடைவார். நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

மகன் தயங்குவதைப் பார்த்து மாமாவுக்கு என்ன தோன்றியதோ, சட்டைப் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து அவர் கையில் வைத்தார். "பொட்டியில இடம் இல்லயா? அதான் வேற குரல் வெச்சிருக்கியா? இதைச் சொல்ல வேண்டியதுதானே. இந்தா, என் ஃபோன்ல உன் குரலைப் போட்டுக்கோ. இப்ப நிறைய இடம் காலியா கிடக்கு."

இவர் அந்த ஃபோனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை மடியில் வைத்துவிட்டுப் பொட்டியில் மெதுவாகத் தட்டினார்.

"சரிப்பா" என்றது யாரோ ஒருவரின் குரல்.