ஆஸ்தாவின் ஓசையில்லாத வேலைகள்

ஆஸ்தாவின் மகன் எஸ்கில், 1953ஆம் ஆண்டு மார்ச் பதினேழாம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளுவண்டியில் தூங்கப் போனான். பத்தொன்பது வருடம் ஏழு மாதம் கழித்து விழித்தான். அந்த மார்ச்சில் குளிர் அதிகமில்லை, மீன் வரத்து சுமார். டென்மார்க்கின் தெற்கே, நாற்பது வீடும் ஒரு தேவாலயமும் ஒரு படகுத்துறையும் உள்ள அந்தத் தீவில் கைக்குழந்தைகள் பகலில் வெளியில்தான் தூங்கும். காற்றடிக்காத பக்கமாக வண்டியை நிறுத்தி, இறகுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தாய்மார்கள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவார்கள். பனி பெய்தாலும் அப்படித்தான். ஆறு மாதக் குழந்தை எஸ்கிலும் அப்படியே படுத்தான். மூன்று மணிக்கு ஆஸ்தா எட்டிப் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தான். நான்கு மணிக்குக் குழந்தைகளைப் பார்வையிடும் செவிலி சைக்கிளில் வந்தாள். பிள்ளையைத் தூக்கிக் காட்டப் போன ஆஸ்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடும்மா. தூங்குற பிள்ளைய எழுப்பக்கூடாது. சத்தம் போடாம இரு, தானா எழுந்துக்கும். பிள்ளைங்க வளர்றதே தூக்கத்துலதான்."

ஆஸ்தாவுக்கு அப்போது இருபத்திநாலு வயது, முதல் பிள்ளை. சொன்னதைச் செய்தாள். இருட்டியதும் அவள் கணவன் வில்லாத்ஸ், அக்கரைக்குப் போய்வரும் பயணிகள் படகில் வேலை முடிந்து வந்து, குழந்தையை அப்படியே வீட்டுக்குள் தூக்கிப் போனான். உள்ளே போனதும் பிள்ளையின் உதடு நீலமாகி மூச்சு தளர்ந்தது. வெளியே கொண்டுவந்து போட்டதும் கன்னம் சிவந்தது. மறுநாள் அக்கரையிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கால் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த படகில் திரும்பினார். கரண்டியால் பாலூட்டினால் தூக்கத்திலேயே விழுங்கினான். பல் முளைத்தது. முடி வளர்ந்தது. மூன்றாம் வருடம் தச்சர் வந்து வண்டியை இரண்டடி நீட்டினார். ஏழாம் வருடம் வண்டிக்குத் தகரக் கூரை போட்டுச் சக்கரத்தை மாற்றினார். அதற்குப் பிறகு அதை வண்டி என்று சொன்னவர்கள் பழக்கத்தால்தான் சொன்னார்கள்.

ஆஸ்தாவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அவன் தானாகக் கண் திறக்க வேண்டும், திறந்ததும் தன் முகத்தைப் பார்த்து அம்மா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக அவள் முற்றத்தைவிட்டு எங்கும் போகவில்லை. அவனை எழுப்பக்கூடிய எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. தையல் இயந்திரத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கையால் தைத்தாள். இரும்பு ஊசிகள் ஒன்றோடொன்று உரசி ஓசையிடுவதால் எலும்பு ஊசிகள் வாங்கிப் பின்னினாள். மரச் செருப்பை விட்டுக் கம்பளிச் செருப்புக்கு மாறினாள். கதவுக் கீல்களுக்குப் பன்றிக் கொழுப்பு தடவினாள். கத்தரிக்கோல் போடும் சத்தத்துக்குப் பயந்து, கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டப் பின்னும் காகித இதயங்களுக்குத் தாளை ஈரமாக்கி விரலால் கிழித்தாள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவன் நீளத்தை நூலால் அளந்து புதுச் சட்டை, புதுக் காலுறை, புதுக் கையுறை. கடைசியாக, பேச்சையும் நிறுத்தினாள். பேசத் தோன்றும்போது ஊசியில் ஒரு கண்ணி கூடுதலாகப் போடுவாள். சட்டைகளின் கை எப்போதும் கொஞ்சம் நீளமாகவே வந்தது.

மற்றவர்களால் அப்படி இருக்க முடியவில்லை. தபால்காரர் அஞ்சலட்டைகளை வழியிலேயே உரக்கப் படித்துக்கொண்டு வருவார். வில்லாத்ஸ் மாலையில் வண்டியோரம் உட்கார்ந்து, படகில் யார் வாந்தியெடுத்தார், யாருடைய தொப்பி கடலில் போயிற்று என்று மகனிடம் சொல்லிச் சிரிப்பான். ஆஸ்தா வெறுமனே அவனைப் பார்ப்பாள். ஆறாம் வருடம் அவன், "இந்த வீட்டுல முழிச்சிருக்கிற ஆளும் பேசல, தூங்குற ஆளும் பேசல, ஆஸ்தா. நான் கொஞ்ச நாள் அக்கரையில இருக்கேன்" என்று சொல்லிப் போனான். கொஞ்ச நாள் முடியவேயில்லை. சம்பளத்தை மட்டும் தவறாமல் கொடுத்தனுப்பினான். வேலிக்கு அந்தப் பக்கம் கோழி வளர்த்த டாக்மாருக்கோ வாய் மூடாது. ஆஸ்தா பதில் சொல்லாததால் அவள் நேராக வண்டியிடமே பேசிப் பழகிக்கொண்டாள்: முழங்கால் வலி, கோழிப் பேன், போதகரின் மனைவி போட்ட காபியின் லட்சணம். தீவுப் பெண்கள் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய வருடம் டாக்மாரும் போனாள். போகும்போதும் வரும்போதும் வேலியில் நின்றாள்.

"நாள் பூரா வீட்டுல உக்காந்து என்னடி பண்றே ஆஸ்தா? பையன் தூங்குறான். புருஷன் போயிட்டான். வா, அங்க எல்லாரும் சேர்ந்து கத்திக்கிட்டே வேலை பாக்குறோம், நல்லா இருக்கும்."

ஆஸ்தா கையிலிருந்த காலுறையைத் தூக்கிக் காட்டினாள்.

"காலுறையா? அவன் எங்க நடக்கப் போறான்?" என்றாள் டாக்மார். பிறகு, "சரி, சரி, மூஞ்சியத் தூக்காத" என்று ஆறு முட்டைகளை வேலிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

1972 அக்டோபரில் ஒரு மதியம், ஆஸ்தா சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருக்கும்போது எஸ்கில் கண் திறந்தான். சாம்பல் நிறக் கண்கள். அவை என்ன நிறம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தான், அவள் ஆசைப்பட்டபடியே. படகில் எதிரே வந்து உட்கார்ந்த பயணியைப் பார்ப்பதுபோல், மரியாதையாகப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அப்போது வேலிக்கு அப்பாலிருந்து, "ஏ ஆஸ்தா, என் செவலைக் கோழி உன் பக்கம் வந்துச்சாடி?" என்று குரல் கேட்டது. எஸ்கில் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

"அது போன வாரமும் ஓடிப்போச்சுல்ல டாக்மார். காலக் கட்டிப் போடுன்னா கேக்குறியா. முழங்கால் எப்படி இருக்கு?"

சொல்லை இழுப்பது, நடுவில் தொண்டையைச் செருமுவது எல்லாம் அச்சாக டாக்மார். அவள் வேலியைப் பிளந்துகொண்டு வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இங்க உக்காந்திருக்காங்களே, இவங்க யாரு?" என்றான்.

"உங்கம்மாடா. ஆஸ்தா."

"ஆஸ்தாவா?" என்றான் எஸ்கில். "நீ கூப்பிட்டுக்கிட்டே இருப்பியே, பதிலே வராதே. ஆஸ்தான்னா உன் பூனைன்னு நெனச்சேன்."

அன்று டாக்மார் வேறெதுவும் பேசவில்லை என்பதை ஊரார் நெடுநாள் சொன்னார்கள்.

எஸ்கில் நல்ல பையன். வீட்டுக்குள் வந்தான், அவனுக்கு இப்போது ஒன்றும் ஆகவில்லை. அவள் பின்னிய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் வைத்த கறுப்பு ரொட்டியைச் சாப்பிட்டு, "நன்றி, ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றான். அப்பாவை வாப்பா போப்பா என்றான், டாக்மாரை வாடி போடி என்றான், ஆஸ்தாவை நீங்கள் என்றான். அவள் தினமும் பேசப் பழகினாள். பத்தொன்பது வருடம் சேர்த்துவைத்தவை உள்ளே இருந்தன; வாயில் வந்தவை மழை, வெண்ணெய், காலுறை. அவனும் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் விழித்த நாள் முதல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. பதினோரு வாரம் ஆயிற்று. அக்கரை மருத்துவமனையிலும் வரவில்லை, அப்பாவின் படகிலும் வரவில்லை, டாக்மாரின் அடுப்படியிலும் வரவில்லை. கண் குழிந்து, கடற்கரையில் நடந்துகொண்டே இருந்தான்.

ஜனவரியில் ஆஸ்தாவுக்குச் சளி பிடித்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. பேச முடியாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலுறைக்கு ஒட்டுப்போட்டாள். ஊசி நாலு தடவை போய் வருவதற்குள் எஸ்கில் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்து, மகிழ்ச்சி தாங்காமல் அவள் அவன் பெயரை மெல்லச் சொன்னாள். உடனே விழித்துவிட்டான். தொண்டை சரியான பிறகு மூன்று முறை சோதித்துப் பார்த்தாள். அவள் பேசாமல் பக்கத்தில் இருந்தால் தூங்கினான்; ஒரு சொல் சொன்னாலும் எழுந்தான். வேறு யாருடைய மௌனமும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அது புரியவில்லை, அவள் சொல்லவுமில்லை. காலுறையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் யோசித்தாள் என்று டாக்மார் சொன்னாள். பிறகு எலும்பு ஊசிகளை எடுத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் எஸ்கில் அப்பாவோடு படகு வேலையில் சேர்ந்து அக்கரையில் தங்கினான். ஒரு வாரத் தூக்கத்தை ஒரே நாளில் தூங்க ஞாயிறுதோறும் முதல் படகில் வருவான். "வணக்கம், நல்லா இருக்கீங்களா" என்பான். ஆஸ்தா தலையசைப்பாள். அவன் படுப்பான், அவள் உட்கார்ந்து பின்னுவாள். போதகர் ஞாயிறு மணி அடிப்பதை நிறுத்திக்கொண்டார். மாலை நான்கு மணிப் படகு அட்டவணையில் ஐந்தரைக்கு மாறி அச்சாயிற்று. காரணம் கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமே. ஐந்து மணிக்கு எஸ்கில் தானாகவே எழுந்து முகம் கழுவுவான்.

வீட்டிலிருந்து படகுத்துறைக்கு ஆறு நிமிட நடை. அந்த ஆறு நிமிடமும் ஆஸ்தா பேசுவாள். அந்த வாரம் என்ன காற்று, உருளைக்கிழங்கு எத்தனை விரல் முளைத்திருக்கிறது, அவன் கண்ணின் நிறம் அவளுடைய அப்பாவுடையது. சில ஞாயிறுகளில் அவர்கள் மிக மெதுவாக நடப்பார்கள். வில்லாத்ஸ் படகுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பான், நேரமாகிறது என்று பயணிகள் யாரும் சொல்வதில்லை.