எங்கே எழுதியிருக்கு?

"அமுதா, கைய எடு."

பரமேஸ்வரன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. சந்தனக் கிண்ணத்தில் விரலை நனைத்திருந்த அமுதவள்ளி அப்படியே நின்றுவிட்டாள். நலங்குக்கு உட்கார்ந்திருந்த மலர், அம்மாவுக்காகத் திருப்பிய கன்னத்தைத் திருப்பியபடியே வைத்திருந்தாள். கிள்ளான் நகரில் அந்த அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஆளாளுக்குத் தங்கள் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பெத்தவ நாந்தானே அண்ணே?"

"யாரு இல்லேன்னா? ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கும் சேத்தே சொல்லிடறேன், மேடைக்கு வராத. செமினிலேர்ந்து ஒன் கொழுந்தனும் புனிதாவும் வர்றாங்க இல்ல, அவங்க ஜோடியா நின்னு தாரை வாத்துக் குடுப்பாங்க. நீ கீழ உக்காந்து பாரு."

கணவர் போனபோது மலர் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அமுதவள்ளி பள்ளி வேன் ஓட்டினாள். ஊரார் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அந்த வருமானத்தில் தன் பிள்ளையைப் பட்டதாரி ஆக்கினாள். அப்போதெல்லாம் அவள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று யாரும் வந்து சொல்லவில்லை.

"அப்படி எங்க எழுதியிருக்கு மாமா?" என்றாள் மலர்.

"சாஸ்திரத்துல. புஸ்தகத்துல எல்லாம் இருக்கும்மா. வேணும்னா ஒங்கம்மாவப் போய்ப் படிச்சுப் பாக்கச் சொல்லு லா."

யாரோ சிரித்தார்கள். அமுதவள்ளி விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, வழக்கம்போல நூலகத்துக்கு எதிரே வேனை நிறுத்தினாள். கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன நூலகம் அது. தினமும் அதன் நிழலில் இருக்கையைச் சாய்த்துப் போட்டுக் கண்ணயர்ந்திருக்கிறாள். ஒருநாளும் உள்ளே போனதில்லை. அன்று தூக்கம் வரவில்லை. இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு சீனப் பெரியவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். 'ருஜுக்கான்' என்று மலாயில் பலகை வைத்த தகவல் உதவி மேசையில் ஒரு இளம்பெண். சட்டையில் உஷாராணி என்று பெயர்.

"சொல்லுங்க ஆன்டி. என்ன தேடறீங்க?"

"கல்யாணச் சடங்கு பத்தித் தமிழ்ல புஸ்தகம் இருக்காம்மா?"

"இருக்கு. பொதுவா பாக்கறீங்களா, இல்ல குறிப்பா ஏதாவது தெரியணுமா? சொன்னீங்கன்னா நானே தேடிக் குடுப்பேன். அதுக்குத்தான் ஒக்காந்திருக்கேன்."

அமுதவள்ளி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேன் பிள்ளைகளின் பெற்றோர்களிடமும் போலீஸ்காரர்களிடமும் தயங்காமல் பேசுகிற வாய் அது. இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புருஷன் இல்லாதவ... மக கல்யாணத்துல மேடை ஏறக்கூடாதுன்னு எழுதியிருக்காம். எங்க எழுதியிருக்குன்னு பாக்கணும்."

உஷாராணி வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்துபோய்த் தமிழ் அலமாரியில் துழாவி, மூன்று புத்தகங்களோடு வந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினார்கள். முதல் புத்தகத்தில் அந்தப் பேச்சே இல்லை. இரண்டாவதில் 'பெற்றோர் தாரை வார்த்துத் தருவர்' என்று மட்டும் இருந்தது. மூன்றாவதைப் புரட்டிய உஷாராணியின் கை ஒரு பக்கத்தில் நின்றது. சட்டென்று அடுத்த தாளைத் திருப்பப் போனாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல ஆன்டி..." என்றவள், ஒரு நிமிஷம் கீழ் உதட்டைக் கடித்தாள். பிறகு புத்தகத்தை அமுதவள்ளி பக்கமாக நகர்த்தினாள். "நீங்க கேட்டது இருக்கு. கேட்டதை மறைக்கறது என் வேல இல்ல."

'கணவனை இழந்த பெண்டிர் மங்கல காரியங்களில் முன்நிற்றல் ஆகாது.'

அமுதவள்ளி அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். அண்ணன் சும்மா சொல்லியிருப்பார் என்றுதான் இவ்வளவு நேரமும் நம்பியிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே, நிழல் விலகி, அவளுடைய வேன் வெயிலில் நின்றது.

"தண்ணி குடிக்கிறீங்களா ஆன்டி?"

"வேணாம்." திடீரென்று நிமிர்ந்தாள். "பொண்டாட்டி செத்துப் போனவங்களுக்கு என்ன போட்டிருக்கு?"

உஷாராணி அவளைப் பார்த்தாள். மறுபடியும் மூன்று புத்தகங்களையும் எடுத்தாள். பொருளடக்கத்தைப் பார்த்தாள், பின்பக்கத்தைப் பார்த்தாள், சடங்கு சடங்காகப் புரட்டினாள்.

"ஒண்ணும் போடல."

"நல்லாப் பாரும்மா."

"நல்லாப் பாத்துட்டேன். ஒரு வரிகூட இல்ல."

பரமேஸ்வரனின் மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நேற்று மலருக்கு முதல் நலங்கு வைத்தது அவர்தான்.

அப்போது ஃபோன் அடித்தது. அண்ணன்தான்.

"எங்க இருக்க? பூக்காரன் வந்து நிக்கிறான்."

"லைப்ரரில."

"அங்க என்ன வேல ஒனக்கு?"

"நீங்கதான படிச்சுப் பாருன்னீங்க. படிச்சிட்டு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கொழுந்தன் திருச்செல்வமும் அவன் மனைவி புனிதாவும் சொம்போடு மேடையில் நின்றார்கள். தாய்மாமன் என்ற முறையில் பரமேஸ்வரன் பட்டு வேட்டியில் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். தாரை வார்க்கக் குருக்கள் கூப்பிட்டதும், முதல் வரிசையிலிருந்து எழுந்து அமுதவள்ளி படியேறினாள்.

"எறங்கு," என்றார் பரமேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்கறாங்க."

"நீங்க சொன்னது நெசந்தான் அண்ணே. புஸ்தகத்துல இருக்கு, பாத்துட்டேன். பொண்டாட்டி போனவங்களுக்கும் தேடினேன். ஒண்ணும் எழுதல. என்னை எறங்கச் சொல்ற பாவம் ஒங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்? வாங்க, ரெண்டு பேரும் சேந்து எறங்குவோம். இல்லேன்னா ரெண்டு பேரும் நிப்போம்."

நாதஸ்வரக்காரர்கள்கூட வாத்தியத்தை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பரமேஸ்வரனின் முகம் கறுத்தது. ஆனால் கால் நகரவில்லை.

"நல்ல நேரம் போகுதும்மா," என்றார் குருக்கள் பொதுவாக.

புனிதாதான் முதலில் அசைந்தாள். கணவன் கையிலிருந்த சொம்பை வாங்கி நீட்டினாள். "பிடிங்கக்கா. நீங்க ஊத்துங்க."

மலரின் கையைப் பிடித்து, மாப்பிள்ளை கையில் வைத்து, அமுதவள்ளி நீர் வார்த்தாள். முன்வரிசையில் சிலர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

பந்தியில் பாயசத்தோடு அமுதவள்ளி வந்தபோது, அவளுக்கு முதுகைக் காட்டியபடி பரமேஸ்வரன் பேசிக்கொண்டிருந்தார்.

"தாலி அறுத்தவளுக்கு என்னா தைரியம் பாத்தீங்களா?"

"விடுங்க லா," என்றார் பக்கத்து இலைக்காரர், அப்பளத்தை நொறுக்கியபடி. "நீங்க இன்னும் எத்தன நாளைக்குத் தனியா கஷ்டப்படுவீங்க? பந்திங் ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு. நல்ல குடும்பம். தை மாசத்துல பேசி முடிச்சிடலாமா?"

பரமேஸ்வரன் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.