தனி அடுப்பு

நில உச்சவரம்புச் சட்டம் வந்த வருஷம் பூதலூர்ப் பக்கத்தில் அப்பன்களுக்கும் பிள்ளைகளுக்கும் திடீரென்று ஆகாமல் போயிற்று. அதுவரை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், இனி ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிப்பதில்லை என்று பத்திரம் எழுதிக்கொண்டார்கள். குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான், மிச்சம் சர்க்காருக்கு என்பது சட்டம். குடும்பம் இரண்டானால் முப்பது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

கோவிந்தராசுவுக்கு இருபத்தெட்டு ஏக்கர். அந்தச் சட்டத்தை ஆதரித்துக் கடைத்தெருவில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். கறுப்பு சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உழுகிறவனுக்கே நிலம் சொந்தம் என்று சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பேசியது மற்றவர்களுடைய நிலத்தைப் பற்றி.

தஞ்சாவூரில் இளையபெருமாள் என்ற வக்கீல் குமாஸ்தா இருந்தார். எந்த வருஷத்து ஸ்டாம்புத் தாள் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். கோவிந்தராசுவையும் மகன் பஞ்சநதத்தையும் எதிரே வைத்துக்கொண்டு விவரம் சொன்னார்.

"பத்திரம் மட்டும் பத்தாதுங்க. வீட்டுக்கு நடுவுல தட்டி வைங்க. தனி அடுப்பு எரியணும். ஊர் பார்க்க ஒரு சண்டை போடுங்க. என்ன பேசணும்னு நானே எழுதித் தர்றேன்."

எழுதியும் தந்தார். 'குடும்ப மானத்தைக் கப்பலேற்றியவனே, நான் செத்தால்கூடக் கொள்ளி வைக்க வராதே' என்பது அப்பா சொல்ல வேண்டியது. 'உன் சொத்தில் ஒரு குந்துமணிகூட எனக்கு வேண்டாம், என் பாகத்தைப் பிரித்துக் கொடு' என்பது மகனுடைய பதில். இது எப்படிப் பொருந்தும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று மனப்பாடமாகச் சண்டை போட்டார்கள். முதல் சாட்சி பக்கிரி. முப்பது வருஷமாக அந்த நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். மிச்ச நிலத்தைச் சர்க்கார் பங்கு போட்டால் முதலில் பக்கிரிக்குத்தான் கிடைக்கும். அதனால்தான் அவரையே சாட்சியாகப் போட்டார்கள், அவரும் தலையாட்டினார்.

கோவிந்தராசுவின் மனைவி மங்களாம்பிகைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "விளையாட்டுக்குக்கூட வாயால அமங்கலம் பேசப்படாதுங்க," என்றாள்.

"ஆர்டர் வர்ற வரைக்கும்தாண்டி. வந்த அன்னைக்கே எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்," என்றார் அவர். அவருக்கும் அதுதான் ஆசை. மகனோடு வரப்பில் நடந்து ஏழு மாதமாகிவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் மருமகளோடு தனிக்குடித்தனம் இருக்கும் பஞ்சநதம் இருமினால்கூட இவருக்குச் சோறு இறங்காது. நிலமும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். இதில் பேராசை எங்கே இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

விசாரணை தஞ்சாவூரில். ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் போனார்கள். அதிகாரி சாதுவான மனிதர். கோவிந்தராசு "குடும்ப மானத்தை" என்று தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கப்பலேத்திட்டான். கொள்ளி வைக்க வரப்படாது. அவரு குந்துமணிகூட வேணாம்னாரு. சரிதானே?" என்றார். "இந்த வாரத்துல நீங்க பதினோராவது அப்பாங்க. எல்லாரும் ஒரே சண்டையைத்தான் போட்டிருக்கீங்க. வேற மாதிரி ஒருத்தர் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்."

பேனாவைத் திறந்து, கூட்டுக்குடும்பம் என்று எழுதப்போனார். பதின்மூன்று ஏக்கர். கோவிந்தராசுவுக்கு ஆற்றுப்படுகை ஓரத்து வயல் அத்தனையும் கண்முன் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வேற காரணம் இருக்குங்க. எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், முருகையன்னு. பத்து வயசுல வெண்ணாத்துல முழுகிப் போயிட்டான். இவனும் கூடத்தான் குளிக்கப் போனான். கரையில நின்னு பார்த்துட்டு, யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம வீட்டுக்கு வந்து சோறு தின்னான். இருபத்திரண்டு வருஷமா இவன் மூஞ்சியைப் பார்க்கறப்பல்லாம், அவனுக்குப் பதிலா இவன் போயிருக்கப்படாதான்னு நினைச்சிருக்கேன்."

பஞ்சநதம் அப்பாவைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் சொன்னான்:

"எனக்கு ஏழு வயசுங்க சார். அண்ணன் முங்கி நீஞ்சறான், பின்னாலேயே வந்துடுவான்னு நினைச்சேன்."

அதிகாரி தண்ணீர் குடித்தார். பிறகு, தந்தைக்கும் மகனுக்கும் எவ்வித உறவும் இல்லை என்பது ஐயமற நிரூபணமாவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே இளையபெருமாள் கோவிந்தராசுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம்ங்க! எனக்குத் தோணவே இல்லை பாருங்க. திருவாரூர்க் கேசு ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதையே வச்சுக்கறேன்."

திரும்பும் ரயிலில் பஞ்சநதம் இல்லை. நிலத்துக்காகச் சொன்னதுதானே என்று கோவிந்தராசு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. யோசித்துச் சொன்னதென்றால் அத்தனை சரளமாக வந்திருக்காது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

மங்களாம்பிகை சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். "ஜெயிச்சாச்சு," என்று ஆர்டரை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பிள்ளை அப்பவே பஸ்ஸுல வந்துட்டான். யாருகிட்டயும் பேசாம சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். அங்க என்ன சொன்னீங்க?"

அவளிடம் அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னார்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அவனுக்குச் சோறு போட்டவ நான். பசிக்குதுன்னு வந்தான், போட்டேன். பெரியவன் எங்கடான்னு நான்தான் கேக்கல. ஏழு வயசுப் பிள்ளை சொல்லலைன்னா, பெத்தவ கேட்டிருக்க வேணாமா? என்னையும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தீங்களா?"

"உன்னை ஒருநாளும் நினைச்சதில்ல மங்களம்."

"அப்ப அவனை மட்டும் ஏன்?"

இதற்கு இளையபெருமாள் எதுவும் எழுதித் தந்திருக்கவில்லை. அவள் கொடியிலிருந்து இரண்டு புடவையை எடுத்து மடித்தாள். பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கடி போறே? ஊர்ல கேட்டா என்ன சொல்றது?"

"ஆர்டரைக் காட்டுங்க. அந்தப் பக்கம் வேற குடும்பம்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கில்ல? நான் அந்தக் குடும்பம்."

தட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பக்கம் மருமகள் இலை போடும் சத்தம் கேட்டது. கோவிந்தராசு ஆர்டரை மறுபடி ஒரு தடவை படித்தார். அவர் பங்குக்குப் பதினான்கு ஏக்கர். சட்டப்படி ஒரே ஒரு ஆள் இருந்தாலும் அது குடும்பம்தான்.