கடல் தாண்டின கால்

சம்பந்தமூர்த்தி குருக்களின் குடும்பத்தில் ஒரு விதி உண்டு. கடல் தாண்டியவன் கருவறைக்குள் கால் வைக்கக் கூடாது, சுவாமியைத் தொடக் கூடாது. திருவண்ணாமலையில் மற்றக் குருக்கள்மார் சிங்கப்பூர் போகிறார்கள், லண்டன் போகிறார்கள், கும்பாபிஷேகம் முடித்து வந்து மறுநாளே அபிஷேகத்துக்கு நிற்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இது இந்த ஒரு வீட்டுக்கும், கிரிவலப் பாதையோரம் இவர்களுக்குப் பரம்பரையாக வந்த சின்னச் சிவன் கோயிலுக்கும் மட்டும் உள்ள விதி. எந்தக் கொள்ளுத்தாத்தா எந்தக் கோபத்தில் போட்டாரோ, அந்த அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை சிவகணேஷ். தீட்சை வாங்கி இரண்டு வருடமாக அப்பாவோடு பூஜை செய்கிறான்; காலேஜில் நாடகமும் போடுகிறான். பேராசிரியை ரேவதி, நாடகக் குழுவில் பன்னிரண்டு பேரை கிரேக்க நாட்டுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தார். மலைச்சரிவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் கட்டிய கல் அரங்கம். அதில் இன்றும் நாடகம் நடக்கிறது, அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.

தாள் மூன்று நாள் பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்தது. நம் வீட்டு விதிதானே, நாமே எடுத்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று மனைவி ஹைமவதி சொல்லிப் பார்த்தாள். கேட்க ஒருவன் இருந்தான். குருக்களுக்குத் தொண்டையில் முள்ளே அவன்தான்.

அவருடைய தம்பி நடராஜ். இருபத்தாறு வருடத்துக்கு முன் மலேசியாவில் ஒரு கோயிலுக்குப் பூஜைக்குப் போய், ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவன். வந்த அன்று குளித்து மடியாக நின்றவனைக் கருவறைப் படியிலேயே கை நீட்டித் தடுத்தவர் சம்பந்தமூர்த்திதான். குடும்ப விதி என்றார். மனசுக்குள் இருந்தது விதி மட்டும் இல்லை. அண்ணனுக்கு ஆறு மாதம், தம்பிக்கு ஆறு மாதம் என்றிருந்த பூஜை முறை முழுசும் தனக்கே வரட்டும் என்ற ஆசையும்தான். அதை அவர் சுவாமியிடம்கூடச் சொன்னதில்லை. நடராஜ் சண்டை போடவில்லை. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டான்.

நான்காம் நாள் குருக்கள் கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாடா. விதியை நான் எடுத்துடறேன்."

சிவகணேஷ் தாளை வாங்கிக்கொண்டான். "எடுக்காதீங்கப்பா. சித்தப்பாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? வந்து நானும் வெளியவே நின்னுக்கறேன்."

குருக்களுக்குச் சுருக்கென்றது. ஊரைப் பார்த்துவிட்டு வந்தால் பிள்ளைக்குப் பைத்தியம் தெளிந்துவிடும் என்று ஹைமவதியிடம் சொன்னார்.

பத்து நாளில் திரும்பினான். மைக் கிடையாது, கீழே கிழவர் வேஷம் கட்டியவர் மெதுவாக அழுதது கடைசி வரிசையில் தனக்குக் கேட்டது, அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது என்று அம்மாவிடம் சொன்னான். கோயில் பக்கம் வரவில்லை.

அடுத்த பிரதோஷத்துக்கு வந்தான். குருக்கள் அர்ச்சனைத் தட்டு வாங்க வெளியே வந்தால், கம்பிக்கு அப்பால் நடராஜும் அவன் பக்கத்தில் மகனும் நிற்கிறார்கள்.

நடராஜ் பிரதோஷம் தவறாமல் வருகிறவன். எல்லாரிடமும் கேட்பதுபோலத்தான் குருக்கள் அவனிடமும் பேர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார். ஒரே வயிற்றில் பிறந்தவன். அவனும் ஒவ்வொரு தடவையும் தலை குனிந்து சொல்வான்.

மகனிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. சிவகணேஷ் தானாகவே, வெளியூர்க்காரன் சொல்வதுபோலச் சொன்னான்: "காசிப கோத்திரம், சதய நட்சத்திரம், சிவகணேஷ்."

பெற்ற பிள்ளை ஒரு தடவை சொன்னதையே குருக்களால் தாங்க முடியவில்லை. கூடப்பிறந்தவன் இருபத்துநாலு வருடம் சொல்லியிருக்கிறான்.

நடராஜ் தட்டை நீட்டி வாயெடுத்தான்.

"நீ சொல்லாதடா. எனக்குத் தெரியும்" என்றார் குருக்கள். வரிசையில் நின்ற அத்தனை பேர் பார்க்க, கம்பிக் கதவின் தாழ்ப்பாளைத் தானே எடுத்தார். "தப்பு என்னுது. ரெண்டு பேரும் உள்ள வாங்க. நீ வந்து பூஜை பண்ணு."

நடராஜ் திறந்த கதவைத் தாண்டவில்லை.

"பிள்ளையைக் கூட்டிக்கோண்ணா" என்றான். "எனக்கு மந்திரமெல்லாம் மறந்துபோச்சு."

சொல்லிவிட்டுத் திருநீற்றுக்குக் கையை நீட்டினான்.